கேப்டன் யாரைப் பார்க்க வந்தார்

கோலிட்டன், டெவன்
1814, மார்ச் 4

மதிப்பிற்குரிய அம்மா,

சொல்லாமல் கிளம்பி வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எழுவதற்குள் தபால் வண்டி போய்விடும் என்பதால்தான் மேசையில் இரண்டு வரி எழுதி வைத்துவிட்டு வந்தேன். இது பாதி உண்மை. நீங்கள் எழுந்து வந்து 'எங்கே போகிறாய்' என்று கேட்டிருந்தால் என்னால் வண்டி ஏறியிருக்க முடியாது. அது மீதிப் பாதி.

அண்ணன் வீட்டில் இருக்கிறேன். திமொத்தி இங்கே தேவாலயத்தில் உதவிக் குருவாக இருப்பது உங்களுக்குத் தெரியும். வீடு சிறியது, பிள்ளைகள் ஐந்து. அண்ணி ப்ரூடன்ஸ் எனக்காக மாடியில் ஒரு கட்டிலை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். அதில் படுத்திருந்த பிள்ளைகள் இப்போது தரையில் படுக்கிறார்கள் என்பதை நான் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முப்பத்தொரு வயது நாத்தனார் பெட்டியோடு வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் கசக்காது?

நான் இங்கே நெடுநாள் இருக்க முடியாது. டர்ஹம் பக்கத்தில் லேடி ஸ்ட்ரவுட் என்பவர் துணைக்கு ஒரு பெண் தேடுகிறார். வாசித்துக் காட்ட, கடிதம் எழுத, கூட நடக்க. உங்களிடம் நான் செய்துவந்த அதே வேலைதான். உங்கள் கையால் ஒரு நற்சான்று வேண்டும் என்கிறார். எட்டு வருடம் உங்களிடம் இருந்தவள் என்ற ஒன்றைத் தவிர எனக்கு வேறு சிபாரிசு இல்லை. கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அடுப்படி வேலையை விட்டு வந்து டார்காஸ் உங்கள் மருந்தைச் சொட்டு எண்ணி ஊற்றும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். எண்ணிக்கையை விட்டுவிடுவாள்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள,
லெட்டிஸ் ஃபேரோ


பாத்
மார்ச் 10

லெட்டிஸ்,

'குடும்ப நிலைமை காரணமாக' என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். எந்தக் குடும்பம்? உன் அண்ணன் உன்னை நினைப்பதே பிள்ளை பிறந்தால்தான்.

நற்சான்று எழுதத்தான் உட்கார்ந்தேன். 'மிஸ் ஃபேரோ ஒளிவுமறைவு இல்லாதவள்' என்று தொடங்கினேன். வேலைக்காரர்கள் எழுவதற்கு முன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனவளைப் பற்றி இப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. கிழித்துப் போட்டேன். 'மிகுந்த பொறுமைசாலி' என்று அடுத்த தாளில் எழுதினேன். அது உண்மை. ஆனால் என்னோடு எட்டு வருடம் இருந்தவளைப் பொறுமைசாலி என்றால் அது உனக்கான சான்றா எனக்கான சான்றா? அதையும் கிழித்தேன்.

கேப்டன் ஹாலம் செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் சீட்டாட வந்தார். வழக்கம்போல் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார். ஆட்டத்தில் மனம் இல்லை. இரண்டு முறை ராணியைக் கீழே போட்டுத் தோற்றார். கடற்படையில் பீரங்கி வெடித்து ஒரு காது போன மனிதர். எதையும் மூன்று முறை கத்த வேண்டும். நீ ஊருக்குப் போனதை மட்டும் ஒரு தடவை சொன்னேன், உடனே காதில் விழுந்துவிட்டது.

நேற்று ஊற்று மண்டபத்தில் முழங்கால் வலிக்காக ஊற்றுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். திருமதி பொக்காக் வந்து ஒட்டிக்கொண்டாள்.

"என்ன, உங்க லெட்டிஸக் காணோமே? ஒடம்புக்கு ஏதும்…" என்று இழுத்தாள்.

"அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கா."

"ஓ, அப்படியா? போன வாரம் நம்மூரு சிட்னி தோட்டத்துல பாத்தேன். மழையில, உங்க கேப்டனோட ஒரே குடைக்குள்ள. அவரு கையப் புடிச்சுக்கிட்டு நின்னா. நமக்கெதுக்கு வம்புன்னு நான் யாருகிட்டயும் சொல்லல."

பொக்காக் யாரிடமும் சொல்லவில்லை என்றால் பாதி ஊருக்குத் தெரிந்தாயிற்று என்று பொருள்.

"கண்ணாடிய மாத்துங்கம்மா. போன மாசம் என் கேப்டன்னு நெனச்சு நீங்க வணக்கம் வெச்சது பேராயரோட வண்டிக்காரனுக்கு" என்றேன்.

சொன்னேனே தவிர, குவளையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. ஈஸ்டருக்குள் கேப்டன் என்னைக் கேட்டு வாய் திறப்பார் என்று நான் நினைத்ததை உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன். என் வெளிர் ஊதாப் பட்டுத் துணியையும் நீதான் கூட இருந்து தேர்ந்தெடுத்தாய். ஆகவே எனக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். அவர் உன்னிடம் தப்பாக நடந்திருந்தால் அதையும் எழுது. அவரை என் வாசற்படி ஏற விடமாட்டேன்.

உண்மை வரட்டும். பிறகு சான்று.

ஹொனோரியா ட்ரெசிலியன்

பி.கு. நாம் வாசித்துக்கொண்டிருந்த கதையின் மூன்றாம் பாகம் நூலகத்தில் கிடைத்தது. டார்காஸ் வாசிக்கிறாள். கொலைகாரனுக்கும் கன்னிப்பெண்ணுக்கும் ஒரே குரல்.


கோலிட்டன்
மார்ச் 17

அன்புள்ள அம்மா,

திருமதி பொக்காக் பார்த்தது உண்மை.

நீங்கள் என்னை நாடா வாங்கிவர அனுப்பிய நாள். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து வழியாக ஓடி வந்தேன். கேப்டன் பின்னாலேயே வந்து குடையைப் பிடித்தார்.

"மிஸ் ஃபேரோ, ஒரு குளிர்காலம் பூரா சீட்டாடித் தோத்துட்டேன். இனிமே சொல்லாம இருக்க முடியாது" என்றார்.

உங்களைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்தேன். "யாருகிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்டச் சொல்லுங்க, கேப்டன். அவங்க காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றேன்.

"அவங்ககிட்டத்தான் சொல்லிக்கிட்டு நிக்கிறேன்" என்றார்.

அவருக்குத் தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று தெரியாது, அம்மா. 'என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்வீர்களா' என்று அவர் கேட்டது அடுத்த நடைபாதை வரைக்கும் கேட்டிருக்கும். மெதுவாகப் பேசுங்கள் என்று சொன்னால் அதுவும் அவர் காதில் விழாது. அதனால் கையைப் பிடித்து அழுத்தினேன். திருமதி பொக்காக் பார்த்தது அதைத்தான்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். "என்னப் புடிக்கலியா?" என்று கேட்டார். பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். சொல்ல வாய் வரவில்லை. குடையிலிருந்து விலகி வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

முந்தின நாள்தான் நீங்கள் கண்ணாடி முன்னால் அந்தப் பட்டைத் தோளில் போட்டுப் பார்த்தீர்கள். "இந்த வயசுல இது எனக்குக் கொஞ்சம் அதிகமாத் தெரியுதா, லெட்டிஸ்?" என்று கேட்டீர்கள். ஐயா இறந்ததிலிருந்து உங்கள் உடம்பில் கறுப்பைத் தவிர வேறு நிறத்தை நான் பார்த்ததில்லை. இல்லை அம்மா, உங்களுக்காகவே நெய்தது போல இருக்கிறது என்றேன். அடுத்த நாள் நனைந்து உள்ளே வருகிறேன், நீங்கள் நாடாவை வாங்கி அந்தப் பட்டின் மேல் வைத்துப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். அந்த முகத்தைப் பார்த்து நான் எதைச் சொல்வது? சொல்லாமல் உங்கள் வீட்டில் சாப்பிடுவதுதான் எப்படி?

அவர்மேல் கோபப்படாதீர்கள். அவர் உங்களை ஏமாற்ற நினைத்தவர் இல்லை. எனக்குச் சான்று தராவிட்டாலும் பரவாயில்லை.

லெட்டிஸ்


கோலிட்டன்
ஏப்ரல் 20

அன்புள்ள அம்மா,

ஒரு மாதத்துக்கு மேலாகியும் பதில் இல்லை. அதுவும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். தகவலுக்காக மட்டும் இது.

லேடி ஸ்ட்ரவுட்டிடமிருந்து இரண்டு வரி வந்தது: இடம் நிரம்பிவிட்டதாம். அண்ணிக்கு பாத்தில் ஒரு சித்தி மகள் இருக்கிறாள். எஜமானி கண்வைத்த மனிதரைத் துணைக்கு இருந்தவள் வளைத்துப் போட்டாள், அதனால் துரத்தப்பட்டாள் என்று அங்கே பேச்சாம். அது இங்கேயும் வந்துவிட்டது. ஞாயிறு பள்ளியில் சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "கொஞ்ச நாளைக்கு வேணாம் லெட்டிஸ், ஊர் வாய் ஆறட்டும்" என்று அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். யாராவது வீட்டுக்கு வந்தால் நான் சமையலறையில் இருந்துகொள்கிறேன்.

கேப்டன் அண்ணனுக்கு எழுதியிருந்தார், வந்து பார்க்கலாமா என்று. வேண்டாம் என்று எழுதச் சொல்லிவிட்டேன்.

ஒரு கர்னலின் மனைவி கடல் தாண்டி ஹாலிஃபாக்ஸ் போகிறார். கூடப் போக ஆள் கிடைக்காததால் சான்று எதுவும் கேட்கவில்லை. மே மாதக் கடைசியில் ஃபால்மத்திலிருந்து கப்பல். போகலாம் என்றிருக்கிறேன்.

உங்கள் முழங்காலுக்குக் கம்பளி சுற்றச் சொல்லுங்கள். வெயில் வந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

லெட்டிஸ்


பாத்
ஏப்ரல் 27

என் லெட்டிஸ்,

ஹாலிஃபாக்ஸாம். ஆற்றில் படகு ஏறினாலே வாந்தி எடுப்பவள் நீ.

நான் ஏன் எழுதவில்லை என்று சொல்கிறேன். உன் கடிதம் வந்த நாள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சளி என்று எல்லோருக்கும் சொல்லியனுப்பினேன். போர் முடிந்து சமாதானம் வந்துவிட்டதென்று ஊர் முழுக்கச் சன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். என் வீட்டுச் சன்னல் மட்டும் இருட்டாக இருந்தது. எனக்குக் கோபம். அவர்மேல், உன்மேல், அந்தப் பட்டின்மேல். எல்லாவற்றையும் விட அதிகமாக, கண்ணாடி முன்னால் நின்று உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முட்டாள்மேல். அவரை எனக்குப் பிடித்திருந்தது, லெட்டிஸ். இதை உன்னிடம் ஒரே ஒரு தடவை எழுதுகிறேன். நீ திருப்பி எழுதாதே.

பிறகு ஒருநாள் கீழே இறங்கினேன். டார்காஸ் வாசிக்க வந்தாள். வெளிச்சம் பத்தவில்லை என்று என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, சன்னலோரத்தில் நீ உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து கேப்டனின் வெற்று நாற்காலி தெரிந்தது. அவருக்குப் போனது இடது காது. என் பக்கத்தில் உட்கார்ந்தார், உட்கார்ந்தார் என்று நான் ஒரு குளிர்காலம் முழுவதும் பூரித்தேனே, அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் கேட்காத காதை என் பக்கம் வைத்துவிட்டு, கேட்கிற காதை உன் பக்கம் திருப்பி வைத்திருந்திருக்கிறார்! தொண்டை கிழியக் கத்தியது நான். ஒரு வார்த்தையும் கத்தாமல் ஜெயித்தது நீ.

அவருக்கு ஆள் அனுப்பினேன். வந்தார். வலது காது என் பக்கம் இருக்கும்படி உட்காரச் சொன்னேன்.

"கேப்டன், நீங்க யாரப் பாக்க என் வீட்டுக்கு வந்தீங்க?" என்றேன்.

முகம் செங்கல்லாய்ச் சிவந்தது. "மொத நாள் உங்களப் பாக்கத்தாம்மா வந்தேன். எங்க அக்காதான் போய்ப் பாருன்னு சொல்லி அனுப்பிச்சா. ரெண்டாவது நாள்லேருந்து…"

"சொல்லுங்க."

"மிஸ் ஃபேரோ வாசிக்கிறதக் கேக்க வந்தேன்."

"அப்படியா? என்ன கதை வாசிச்சா?"

"தெரியாதும்மா. பாதி காதுல விழாது. கொரல் மட்டுந்தான் கேக்கும். அது போதும்னு இருந்துச்சு."

நான் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு சிரிக்கவில்லை.

உன் கடைசிக் கடிதம் சனிக்கிழமை வந்தது. திங்களன்று வெளிர் ஊதாப் பட்டை உடுத்திக்கொண்டு, கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டு ஊற்று மண்டபத்துக்குப் போனேன். கூட்டமான நேரமாகப் பார்த்துத்தான் போனேன். பொக்காக் கும்பலோடு நின்றுகொண்டிருந்தாள். நேரே அவளிடம் நடந்தேன்.

"நல்ல சேதி, பொக்காக்கம்மா. நீங்கதான் மொதல்ல கேக்கணும்னு வந்தேன். நம்ம கேப்டன் என் லெட்டிஸக் கேட்டிருக்காரு. ஒரு குளிர்காலம் பூரா இவர என் வீட்டுக்கு வரவழைச்சு, சீட்டாட வெச்சு, இதுக்குத்தான் பாடுபட்டேன்."

"அப்ப அன்னிக்கு மழையில…"

"நான்தான் அனுப்பினேன். பின்ன, எத்தன நாளைக்குச் சீட்டையே பாத்துக்கிட்டிருக்கிறது?"

அவள் அத்தனை எளிதில் விடுவாளா? "ஊருல வேற மாதிரில்ல பேசிக்கிட்டாங்க. உங்களுக்கும் கேப்டனுக்கும்னு…"

"எனக்கா?" என்றேன். "அம்பத்தாறு வயசுலயா? அடக் கடவுளே, முழங்கால் மடங்காம கோயில்ல முட்டி போட்டுக் கல்யாணம் பண்ணிக்கச் சொல்றீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மண்டபமே சிரித்தது. அதில் உரக்கச் சிரித்தவள் நான். கேப்டன் மட்டும் ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினார். நான் அவருடைய இடது பக்கம் நின்றிருந்தேன். அந்தக் காது போனதற்காக அன்றைக்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

ஊர்ப்பேச்சு மறுநாளே திரும்பிவிட்டது. நான் பெரிய கெட்டிக்காரியாம். தங்கள் பெண்களுக்கும் ஒரு வழி பார்த்துத் தரச்சொல்லி இரண்டு தாய்மார்கள் வந்துவிட்டுப் போனார்கள்.

இப்போது உன்மேல் எனக்குள்ள கோபத்துக்கு வருகிறேன். நான் உடைந்துபோவேன் என்று நீயாக எப்படி முடிவு செய்தாய்? கணவனைப் புதைத்தேன். அதற்கு முன்னால் நான்கு வயது மகளைப் புதைத்தேன். நான் என்ன அலமாரியில் வைத்த பீங்கான் கிண்ணமா? அவரை உனக்காக விட்டுக்கொடுக்கிற வாய்ப்பை நீ எனக்குத் தந்திருக்கலாம். அதையும் நீயே எடுத்துக்கொண்டாய். பேராசைக்காரி.

அவர் போனதை ஒரு மாதத்தில் விழுங்கிவிட்டேன். நீ போனதைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை.

கேப்டன் வியாழக்கிழமை அங்கே கிளம்புகிறார். நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மண்டபத்தில் நான் சொன்னதற்காக நீ அவரைக் கட்டிக்கொள்ள வேண்டாம். மறுத்தால் அதற்கும் ஒரு கதை கட்ட எனக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். ஆனால் வலது காதில் சொல்.

ஹொனோரியா ட்ரெசிலியன்


கோலிட்டன்
மே 6

என் அன்பான அம்மா,

நீங்கள் எழுத வேண்டாம் என்றதை நான் எழுதவில்லை. ஆனால் அந்த வரியை எத்தனை முறை வாசித்தேன் என்று கேட்காதீர்கள்.

கேப்டன் வந்தார். உங்கள் கடிதம் வந்த அதே பையில் அண்ணியின் சித்தி மகளிடமிருந்தும் ஒன்று வந்திருந்தது: திருமதி ட்ரெசிலியனே பார்த்து முடித்த சம்பந்தமாம், முதலிலிருந்தே அவருக்குத் தெரியுமாம். அண்ணி அதைப் படித்துவிட்டுச் சமையலறைக்கு வந்து என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார். "நீ போய் முன்னறையில உக்காரு. வெங்காயம் உரிச்ச கையோட யாராவது கேப்டன வரவேப்பாங்களா?" என்றார். அவருக்குக் கல்யாணச் சீராக வந்த மேசைவிரிப்பை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிள்ளைகள் ஐந்தும் கேப்டன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. கடைசியில் அண்ணன் வந்து மீட்டான். நாங்கள் ஆற்றங்கரைக்கு நடந்தோம். அக்கரையில் பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா உத்தரவு. வலது காதக் கொண்டாந்திருக்கேன். வேணாம்னாலும் இதுல சொல்லுங்க" என்று தலையைச் சாய்த்துக் காட்டினார்.

நான் சொன்னேன்.

"கேக்கல" என்றார்.

"கட்டிக்கிறேன்னு சொன்னேன்."

"இன்னும் கொஞ்சம்…"

"உங்களக் கட்டிக்கிறேன்!" என்று கத்தியே விட்டேன். அக்கரையில் ஒருத்தி துணியைத் தலைக்குமேல் சுழற்றி, "அந்தம்மா கட்டிக்கிறாங்களாம் ஐயா!" என்று எங்களுக்கே எடுத்துச் சொன்னாள். முதல் தடவையே கேட்டுவிட்டது என்று அவர் திரும்பி வரும் வழியில் ஒப்புக்கொண்டார். சண்டை போட்டேன். சிரித்துக்கொண்டே போட்ட சண்டை.

கர்னலின் மனைவிக்கு எழுதிவிட்டேன். வரும் ஞாயிறு அண்ணன் கோயிலில் எங்கள் முதல் கல்யாண ஓலை வாசிக்கிறான்.

இத்தனை சந்தோஷத்துக்கு நடுவிலும் அந்த மண்டபத்துச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை, அம்மா. அதற்கு நான் என்ன செய்தால் ஈடாகும் என்று தெரியவில்லை. ஒன்று தோன்றுகிறது. எங்கள் கல்யாணம் உங்கள் வீட்டிலிருந்து நடக்க வேண்டும். பிறகும் நாங்கள் உங்களோடேயே இருந்துவிடுகிறோம். கேப்டனுக்குச் சம்மதம். மாடியில் என் அறை போதும். மாலையில் எப்போதும்போல் நான் வாசிக்கிறேன், உங்கள் மருந்தை நானே எண்ணி ஊற்றுகிறேன். ஒன்றும் மாற வேண்டாம்.

சரி என்று எழுதுங்கள்.

உங்கள் லெட்டிஸ்


பாத்
மே 11

லெட்டிஸ், பெண்ணே,

கல்யாணம் என் வீட்டிலிருந்துதான். வேறு எங்கிருந்து? கேக்குக்கு ஏற்பாடாகிவிட்டது. உன்னை நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒப்புக்கொடுப்பேன். ஒரு பெண் அப்படிச் செய்வது வழக்கமில்லை என்று குருவானவர் முனகினார். கோயில் கூரை ஒழுகியபோது அவர் யாரிடம் வந்து நின்றார் என்று நினைவுபடுத்தினேன். இப்போது வழக்கம்தான் என்கிறார்.

என்னோடு வந்து இருப்பது மட்டும் முடியாது.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நீ ஈடுகட்ட வேண்டிய எதையும் நான் கொடுக்கவில்லை. மிஸ் ஸ்ப்ராக் என்று ஒருத்தி வந்திருக்கிறாள். நான் எதைச் சொன்னாலும் 'ஆமாங்கம்மா' என்கிறாள். மழை பெய்கிறது என்றேன், ஆமாங்கம்மா. பெய்யவில்லை என்றேன், ஆமாங்கம்மா. ஒரு மாதத்தில் அவளைச் சண்டைக்குப் பழக்கிவிடுவேன். எனக்குப் பொழுது போகும்.

லான்ஸ்டவுன் ஏற்றத்தில் ஒரு சின்ன வீடு காலியாக இருக்கிறது. என் வீட்டுக்காரியஸ்தன் ஸ்னெல்லை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னேன். அடுப்புப் புகை நன்றாக வெளியேறுகிறதாம், பக்கத்து வீட்டில் பியானோ இல்லையாம். கேப்டனுக்கு அது பொருட்டில்லை, உனக்காகச் சொல்கிறேன். அங்கிருந்து என் வீடு நடக்கிற தூரம்தான்.

நான் ஏன் முடியாது என்கிறேன் தெரியுமா? எட்டு வருடம் நீ என் அறைக்குள் கதவைத் தட்டாமல் வந்தாய். தட்ட வேண்டியதில்லை, நீ எனக்கு வேலை செய்பவள். யார் வந்தாலும் ஸ்னெல் வாசலில் நின்று பேரைச் சொல்லி அறிவிப்பான். உன் பேரை அவன் ஒரு நாளும் அறிவித்ததில்லை. அந்தப் பொக்காக் வந்தாலும் நான் எழுந்து நிற்கிறேன். உனக்காக எழுந்ததில்லை. எழ வேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை, நீ எதிர்பார்க்கவுமில்லை. இந்த இரண்டு மாதமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே கல்யாணம் முடிந்து ஒரு வாரம் போகட்டும். ஒரு பிற்பகலில் உன் கணவரை வீட்டில் விட்டுவிட்டு நீ மட்டும் வா. தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு வா. பின்பக்கமாக நுழையாதே, முன்கதவைத் தட்டு. ஸ்னெல் திறப்பான். அவனைப் பார்த்துச் சிரித்துவிடாமல் நில். அவன் உனக்கு முன்னால் நடந்து வந்து, அறை வாசலில் நின்று, "திருமதி ஹாலம் வந்திருக்காங்க" என்று சொல்வான்.

என் முழங்கால் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். கொஞ்சம் நேரமாகும். ஓடி வந்து தாங்கிப் பிடிக்காதே. வாசலிலேயே நில்.

நான் எழுந்து நிற்பேன்.

ஹொனோரியா ட்ரெசிலியன்